முப்பத்தெட்டாம் நாள் தூக்கிய கட்டு

இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடிதமும் ரேஷன் கார்டுக்கான மனுவும் தவிர வேறெதையும் எழுதியதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. அதிலும் நான் எழுதப்போவது, பெண்கள் தங்களுக்குள்கூட வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற விஷயம். படித்தவர்கள் மன்னிக்க வேண்டும். மன்னிக்க முடியாதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் நிறுத்தப்போவதில்லை.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வளைகாப்பு. அந்தப் பெண் எதைச் சாப்பிட வேண்டும், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், பிள்ளை சிவப்பாகப் பிறக்க எதைக் குடிக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். யாரோ சொன்ன கேலிக்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த மாத்திரத்தில் திடுக்கிட்டு இரண்டு தொடைகளையும் நெருக்கிக்கொண்டாள். நான் பார்த்தேன். பக்கத்தில் இருந்த மூன்று பேரும் பார்த்தார்கள். மூன்று பேரும் பிள்ளை பெற்றவர்கள்தான். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு என்மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது. மகளின் பழைய நோட்டில் மிச்சம் இருந்த பக்கங்களைக் கிழித்து எழுத உட்கார்ந்தேன்.

எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. மன்னார்குடிக்கும் கூத்தாநல்லூருக்கும் இடையில் ஒரு கிராமம். ஒன்பது மா நிலத்தை, ஏக்கர் கணக்கில் மூன்று வரும், மாமனார் காலத்திலிருந்து குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தோம். நிலம் டவுனில் இருந்த ஒரு மிராசுதாருடையது. அவரை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். அவருக்குப் பதிலாக எங்கள் கண்ணில் படுவது அவருடைய காரியக்காரர். கறுப்புக் குடையும் கக்கத்தில் ஒரு தோல் பையுமாக வாய்க்கால் கரையில் வருவார்.

மகள் என் வயிற்றில் இருந்த சமயம், ஊர் முழுக்க ஒரே பேச்சு. உழுகிற குத்தகைக்காரரின் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்றலாம் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் நினைத்த நேரத்தில் நிலத்தைவிட்டு இறக்க முடியாது. பஸ் நிற்கிற இடத்தில் இரண்டு கழகத்துக் கொடிக்கம்பங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சிவப்புக் கொடி கொஞ்சம் தள்ளி நின்றது. மூன்று கட்சிக்காரர்களும் மைக் கட்டி, பதிவு செய், பதிவு செய் என்று பேசினார்கள். பதிவு செய்யப் போனவர்களின் வயலுக்கு மறுநாள் தண்ணீர் வராது. மடையில் யாரோ மண்ணைக் கொட்டியிருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் மனு கொடுத்தார். கொடுத்த மூன்றாம் மாதம், கூத்தாநல்லூர் பாய் ஒருவர் மூலமாக விசா வந்து, குவைத்துக்குக் கப்பலேறினார். எனக்கு அப்போது ஆறு மாதம். வீட்டில் நானும் மாமியாரும்தான். காரியக்காரருக்கு அது போதும். சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. குத்தகைக்காரரோ அவர் குடும்பத்தில் ஒருவரோ தங்கள் உடம்பால் அந்த நிலத்தில் உழைத்திருக்க வேண்டும். வெறுமனே கூலிக்கு ஆள் வைத்து நடத்தினால் அவர் குத்தகைக்காரர் இல்லை. "அவன் கடல் தாண்டிப் போயிட்டான், வீட்டுல உழைக்க ஆள் இல்லை, நிலத்தை மிராசுதாருக்கே திருப்பணும்" என்று காரியக்காரர் எதிர்மனு போட்டார்.

ஆனிக் கடைசியில் மகள் பிறந்தாள். வீட்டுப் பிரசவம். ஒன்றரை நாள் வலி. தலை இறங்குவதற்கு முன்பிருந்தே மருத்துவச்சி முக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். முக்கி முக்கிக் கண்ணில் ரத்தம் கட்டிக்கொண்டது. கிழிந்த இடத்தில் தையல் இல்லை, மஞ்சள்தான்.

மூன்றாம் நாள் மாமியார் பழைய வேட்டி ஒன்றை நீளமாகக் கிழித்து வந்து வயிற்றைக் கட்டினார். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்ற எல்லாருக்கும் கட்டுவதுதான். ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறு முனையை அவர் பிடித்து, காலை உதைத்துக்கொண்டு இழுப்பார்.

"மூச்சு முட்டுது அத்தை."

"முட்டட்டும். இப்பக் கட்டலைன்னா சாவுற வரைக்கும் வயிறு பானை மாதிரி நிக்கும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லப்படாது."

அவர் கட்டியதோடு நான் விடவில்லை. அவர் போனதும் இன்னும் ஒரு சுற்று இறுக்கிக்கொள்வேன். இறுகினால் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விடும் என்று நம்பினேன்.

இரண்டு வாரம் போனதும் இருமினால் சேலை நனைந்தது. பிள்ளையைத் தூக்கினால் நனைந்தது. சொல்ல வெட்கம். தண்ணீர் குடித்தால்தானே கசியும் என்று தண்ணீரை நிறுத்தினேன். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர். நீர்க்கடுப்பு வந்து அதற்கு வேறு தனியாக அழுதேன். கசிவு மட்டும் அப்படியே இருந்தது.

ஆவணியில் மேல்வயலுக்கு நடவு. நாற்றைப் பறித்து, கைப்பிடி அளவு முடிகளாகக் கட்டி, பத்திருபது முடிகளைச் சேர்த்துக் கட்டாக்கி, தலையில் தூக்கிப் போய் நடவு வயலில் வீசுவார்கள். ஈரமும் சேறுமாக அது கனக்கிற கனம் தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். அது ஆண்கள் வேலை. அன்றைக்குக் காரியக்காரர் கரையில் வந்து நின்றார். நான் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன்.

"வீட்டு ஆளு ஒருத்தரும் சேத்துல கால வைக்கல. எல்லாம் கூலி ஆளு. நல்லா எழுதிக்கலாம்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

பிள்ளை பெற்று முப்பத்தெட்டாம் நாள். நான் இறங்கினேன். முதல் கட்டைத் தலையில் ஏற்றிவிட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது என்று மத்தியானத்துக்குள் பதினோரு கட்டு. வயிற்றுக் கட்டை அவிழ்க்காமலே தூக்கினேன், அது தாங்கும் என்று.

"பரவாயில்லையே, ஆம்பளை மாதிரி தூக்குதே" என்றார் காரியக்காரர். அவர் சிரித்ததைக் கேட்டு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது, மற்றதற்கில்லை.

சாயங்காலம் குளிக்கும்போது கையில் ஏதோ தட்டுப்பட்டது. முட்டை அளவுக்கு, மெத்தென்று, என் உடம்பிலிருந்து கீழே வந்து நின்றது. கட்டி என்று நினைத்தேன். பிறகு குடல் என்று நினைத்தேன். படுத்தால் உள்ளே போய்விடும். நின்றால், பிள்ளைக்குப் பால் கொடுத்து எழுந்தால், மறுபடி வரும். இடுப்பு இற்று விழுவது போல ஒரு கனம். மாமியாரிடம் வயிறு இழுக்கிறது என்று மட்டும் சொன்னேன். "கட்டு தளர்ந்திருக்கும்" என்று இன்னும் இறுக்கினார்.

வாரத்துக்கு ஒருநாள் பால்வாடிக்கு நர்ஸ் வருவார், பிள்ளைகளுக்கு ஊசி போட. என்னைவிட இரண்டு வயது சின்னவராக இருப்பார். வேளாங்கண்ணிப் பக்கத்துப் பெண். மகளுக்கு ஊசி போட்டுக் கையில் கொடுத்தபோது குனிந்து வாங்க முடியாமல் நான் சுவரைப் பிடித்தேன். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். வாயால் சொல்ல முடியாமல் நான் அழுதேன். அவர் பாயை விரித்துப் படுக்கச் சொல்லிப் பார்த்தார்.

"கட்டியும் இல்ல, குடலும் இல்ல. கர்ப்பப்பை கீழ இறங்கியிருக்கு. ரொம்ப இறங்கல. எத்தனையோ பேருக்கு இருக்கு, யாரும் சொல்றதில்ல, அவ்வளவுதான். இது என்னக்கா, வயித்துல?"

"கட்டு. மேல ஏத்துறதுக்கு. நாத்துக்கட்டு தூக்குனப்பவும் இதோடதான் தூக்குனேன்."

"சாக்கு மூட்டையை நடுவுல கயிறு போட்டு இறுக்குனா நெல்லு எங்க போகும்?"

நான் தலையைத் தூக்கி வயிற்றுத் துணியைப் பார்த்தேன்.

"ரெண்டு பக்கமும் பிதுங்கும்ல? உங்க மூட்டைக்கு அடிப்பக்கம் தையலே பிரிஞ்சு கிடக்கு. நீங்க நடுவுல இறுக்கி, தலையில கட்டும் தூக்குனா?"

அவர் சொன்னது எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன். பெண்ணின் இடுப்புக்கு அடியில் தூளி கட்டின மாதிரி தசை இருக்கிறது. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் தாங்குகிறது. பத்து மாதச் சுமையில் அது தொய்கிறது. பிரசவத்தில் இழுபட்டுக் கிழிகிறது. கை ஒடிந்தால் கையை ஆற விடுகிறோம். இதை மட்டும் ஆற விடுவதில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பழக ஆரம்பித்தால் இன்னும் நல்லது என்றார். கூடை தூக்கக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, மலச்சிக்கல் வரவிடக் கூடாது, தண்ணீரை நிறுத்தவே கூடாது. குந்தி உட்காராமல் முக்காலி போட்டுக்கொள்ள வேண்டும்.

"ஒண்ணுக்கை அடக்குற மாதிரி, காத்து பிரியாம அடக்குற மாதிரி, ரெண்டையும் சேர்த்து அடியிலிருந்து மேல இழுத்துப் பிடிங்க. மூச்சை அடக்காதீங்க. வயித்தை எக்காதீங்க. பத்து எண்ணி விடுங்க. விட்டதும் அதே அளவு சும்மா இருங்க. ஒரு தடவைக்குப் பத்து, ஒரு நாளைக்கு மூணு தடவை. நெசமா ஒண்ணுக்குப் போகும்போது இதைச் செய்யாதீங்க, அது தப்பு. மூணு மாசம் விடாம செஞ்சுட்டு வந்து எங்கிட்ட காட்டுங்க. கேக்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரியில கர்ப்பப்பையைத் தாங்க உள்ள வைக்கிற வளையம் இருக்கு, ஆபரேஷன் இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு கட்டு தூக்குனீங்கன்னு கேள்விப்பட்டேன்னா, நான் வந்து உங்க மாமியாரைத் திட்டுவேன்."

பார்த்ததை ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே வயிற்றுத் துணியை அவிழ்த்து மகளுக்குத் தொட்டில் கட்டினேன். மாமியார் நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

முதலில் மூன்று எண்ணுவதற்குள் நழுவிவிடும். அடியில் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். விடவில்லை. வயலுக்குப் போவதையும் விடவில்லை. நாற்றங்காலில் முக்காலி போட்டு உட்கார்ந்து நாற்றுப் பறித்தேன். ஒரு முடி கட்டி முடிக்கிற வரைக்கும் இழுத்துப் பிடிப்பேன், அடுத்த முடி கட்டுகிற வரைக்கும் விடுவேன். எதிரில் இருப்பவருக்கும் தெரியாது. காரியக்காரர் கரையிலிருந்து, "மகாராணி நாத்துப் பறிக்குது பாரு, சிம்மாசனம் போட்டு" என்றபோதும் இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு மாதத்தில் இருமினால் நனையவில்லை. காலையில் எழுந்து நடந்தாலும் அது கீழே வரவில்லை. மாலையில் மட்டும் கனம் தெரிந்தது.

புரட்டாசியில் வாய்க்காலடி வயலுக்கு நடவு. அன்றைக்கே விசாரணை என்று தாலுகா ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அதிகாரி வயலுக்கே வந்து பார்ப்பார். குடும்பத்தில் உழைப்பவர் இருக்க வேண்டும்.

முப்பது வயது இருக்கும் அந்த அதிகாரிக்கு. பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு வரப்பில் வந்தார். மேல்வயலில் நட்ட அதே நடவுப் பெண்கள் பன்னிரண்டு பேர் வயலில் குனிந்திருந்தார்கள். மாமியார் பிள்ளையோடு நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். பேச்செல்லாம் காரியக்காரர்தான் பேசினார்.

"சார், நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே கண்ணால பாருங்க. இந்தம்மா உழைக்குதுன்னா, இந்தக் கட்டைத் தூக்கி அந்த மூலைக்குக் கொண்டுபோய் வீசச் சொல்லுங்க. அதோட வழக்கு முடிஞ்சுது."

நாற்றுக்கட்டு ஒன்றை என் காலடியில் கொண்டுவந்து போட்டார்கள். தண்ணீர் சொட்டிக்கொண்டு கிடந்தது.

அதிகாரி, "தூக்குவீங்களாம்மா?" என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. வேலை சீக்கிரம் முடிந்தால் போதும் என்று நின்றார்.

மாமியார் என் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னார். "ஒரே ஒரு கட்டு ஆயி. ஒண்ணே ஒண்ணு. கண்ணை மூடிட்டுத் தூக்கிடு. ஒம்பது மாவும் போயிடும்."

தூக்கினால் நிலம் நிற்கும். ஒரு கட்டில் ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆனால் ஆவணியிலும் எனக்கு ஒரு கட்டாகத்தான் ஆரம்பித்தது. இன்றைக்குத் தூக்கினால் அறுப்பில் கதிர்க்கட்டைத் தூக்கச் சொல்வார்கள், அடுத்த வருஷம் மறுபடி கேட்பார்கள். என் உடம்பை ஒவ்வொரு போகத்துக்கும் இந்த ஆளிடம் காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

"தூக்க மாட்டேன்" என்றேன். குரல் வந்தது எனக்கே ஆச்சரியம்.

"பாத்தீங்களா சார்?" என்றார் காரியக்காரர்.

"உடம்பு சரியில்லையா? உடல்நலக் குறைவுன்னு எழுதிக்கட்டுமா?" என்று அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"எழுதுங்க சார், எழுதுங்க. நோயாளின்னு எழுதுங்க. நோயாளி எப்படி சார் பயிர் பண்ணும்?"

அவர் அதற்குத்தான் காத்திருந்தார் என்று அப்போது புரிந்தது. நான் மாமியாருக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தேன்.

"நோயின்னு எழுதாதீங்க சார். எனக்குக் கர்ப்பப்பை இறங்கியிருக்கு. அப்படியே எழுதுங்க."

அதிகாரி பேனாவைப் பார்த்தார். காரியக்காரர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "சீ, பொம்பளை பேசுற பேச்சா இது, ஆம்பளைங்க நிக்கிற இடத்துல."

"பொம்பளை உடம்புல நடந்ததைப் பொம்பளைதான் அண்ணே பேசணும். நீங்க பேசுனா நல்லாவா இருக்கும்?"

வயலில் யாரோ சிரித்தார்கள். நடவு நின்றுபோயிருந்தது.

நான் அதிகாரியிடமே சொன்னேன். "அது தானா இறங்கல சார். பிள்ளை பெத்த முப்பத்தெட்டாம் நாள் மேல்வயலுக்குப் பதினோரு கட்டு தூக்குனேன். அதுலதான் இறங்குச்சு. இந்த நிலத்துல நான் உடம்பால உழைச்சிருக்கேனான்னுதானே கேக்குறீங்க? இதைவிட என்ன அத்தாட்சி வேணும்? நர்ஸம்மா எழுதிக் கொடுத்த சீட்டு வீட்டுல இருக்கு. அதுக்கப்புறமும் நான் வேலையை விடல. இங்க கிடக்குற முடியில பாதி நான் பறிச்சது."

"நீங்க தூக்குனதை யாராவது பார்த்தாங்களாம்மா?"

"இவர் பார்த்தார்." காரியக்காரரைக் காட்டினேன். "அந்தக் கரையில நின்னு பார்த்தார். ஆம்பளை மாதிரி தூக்குதேன்னு சொன்னார்."

"நான் எங்க சொன்னேன்" என்று அவர் ஆரம்பித்தார்.

நடவுக்குத் தலைமையாக நின்ற அக்கா இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்தார். "சொன்னீங்க. எங்க பன்னெண்டு பேர் காதுலயும் விழுந்துச்சு. இல்லன்னா ஒண்ணு செய்யலாம். நீங்க ஒரு பிள்ளையைப் பெத்துட்டு வந்து இந்தக் கட்டைத் தூக்கிக் காட்டுங்க, சார் எழுதிக்கட்டும்."

அந்தச் சிரிப்பில் அதிகாரியும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு வரப்பில் உட்கார்ந்து, தொடையில் பலகையை வைத்து வெகுநேரம் எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன். 'உடல்நலக் குறைவு' என்று இருந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, நான் சொன்னபடி மாற்றச் சொன்னேன். அடித்துவிட்டு மாற்றினார். நானும், சாட்சியாகத் தலைமை அக்காவும் கீழே கையெழுத்துப் போட்டோம். அக்காவுடையது கைநாட்டு. காரியக்காரர் போட மறுத்தார். மறுத்தார் என்பதையும் அதிகாரி எழுதிக்கொண்டார்.

"பேரு ஏறும்மா. உத்தரவு வர ஒரு மாசம் ஆகும்" என்றார். காலடியில் கிடந்த கட்டைத் தாண்டிப் போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மாமியார் பாதி வழி வரைக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். குடும்ப மானத்தைச் சந்தியில் வைத்துவிட்டேன் என்று திட்டப்போகிறார் என்று நினைத்து, பதிலைத் தயார் செய்துகொண்டே நடந்தேன். ஒற்றைப் புளியமரத்தடியில் நின்று பிள்ளையை என் கையில் கொடுத்தார்.

"அந்த நர்ஸு எந்தக் கிழமை வரும்?"

"நாளைக்கு. எதுக்கு அத்தை?"

வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு உன் புருஷன் பொறந்ததுலேருந்து இருக்கு. துணியை உருட்டி வச்சுக்கிட்டுத்தான் நடக்குறேன். அவன் அப்பாவுக்குக்கூடச் சொன்னதில்ல."

முப்பத்திரண்டு வருஷம். அந்த வேட்டித் துணியைக் காலை உதைத்துக்கொண்டு இழுத்தது இவர்தான்.

மறுநாள் வியாழக்கிழமை. மாமியாரைப் பால்வாடிக்கு அழைத்துப் போனேன். நர்ஸ் பார்த்துவிட்டு, பயிற்சி மட்டும் போதாது, வளையம் வைக்க வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பதினொன்றரை பஸ் வரவில்லை. ஒரு மணி பஸ்ஸில் போனோம்.